மூன்றாம் லைனில் பன்னீர் வாசம்

மார்ச் 4, திங்கள்

மூன்றாம் லைனை இன்று என் பொறுப்பில் விட்டார்கள். துறைமுகத்தில் கிரேன் கொக்கியில் மாட்டிச் சரக்குத் தூக்குகிற பட்டைகளுக்கு நூல் வேண்டுமாம். பெரிய ஆர்டர். ஆலை மேலாளர் வரதராஜன் சார் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "பட்டை அறுந்தா கீழ நிக்கிறவன் தலையில விழும் உலகம்மை. நமக்கு இப்ப வர்ற பலம் பத்தாது. என்ன செய்வீங்களோ, மாசக் கடைசிக்குள்ள ஏத்திக் காட்டுங்க."

என்ன செய்வது என்பது தெரிந்ததுதான். உருக்கிப் பிதுக்கி எடுத்த பாலியஸ்டர் நூலுக்கு முதலில் பலமே கிடையாது. கையால் இழுத்தால் சூயிங்கம் மாதிரி நீளும். அதைச் சூடான உருளைகளில் சுற்றவிட்டு, முன்னால் இருக்கிற உருளையைப் பின்னால் இருப்பதைவிட ஐந்தாறு மடங்கு வேகமாக ஓட்டினால் நூல் அந்த அளவுக்கு நீண்டு, மெலிந்து, இறுகும். அதோடு விட்டால் ஆகாது. இழுத்த நூலை வெந்நீரில் போட்டாலே சுருங்கிப் பழைய நீளத்துக்குப் போகப் பார்க்கும். ஆகவே பிடித்த பிடி விடாமல் இன்னும் அதிகச் சூட்டில் ஒரு தடவை காட்ட வேண்டும். அப்போதுதான் இனி இதுதான் தன் நீளம் என்று நூல் அடங்கும்.

மற்ற லைன்களில் உருளைகளுக்கு மின்சாரச் சூடு. மூன்றாவது பழைய மெஷின். உருளைக்குள் கொதிக்கிற எண்ணெய் ஓடுகிறது. அதை ஓட்டுகிறவர் பலவேசம் அண்ணாச்சி. ஐம்பது வயது தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். கடைசியில் நூலைக் கோனில் சுற்றுகிற இடத்தில் ஜெயக்கொடி. தை மாதம் கல்யாணம் முடிந்து, போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவள்.

எனக்குக் காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு முடியும்.

மார்ச் 5, செவ்வாய்

உருளைச் சூட்டை ஐந்து டிகிரி ஏற்றினேன். பலம் கொஞ்சம் கூடியது. வரும் வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். பாதியை அழுகவிடாமல் இருக்க வேண்டும்.

மார்ச் 7, வியாழன்

இன்னும் ஐந்து டிகிரி. நூல் இழுபடும்போது வருகிற ரீங்காரம் மாறிவிட்டது. முன்பு வண்டு மாதிரி இருந்தது, இப்போது ஆள் முனகுவது மாதிரி இருக்கிறது.

பதினொரு மணிவாக்கில் பன்னீர் வாசம் வந்தது. கல்யாண வீட்டு வாசலில் தெளிப்பார்களே, அதே வாசம். ஜெயக்கொடியிடம் செண்ட் போட்டிருக்கிறாயா என்று கேட்டேன்.

"நானே கேக்கணும்னு இருந்தேன் மேடம். யாரோ பன்னீர் தெளிச்ச மாதிரில்லா இருக்கு."

பலவேசம் அண்ணாச்சி மூக்கை உறிஞ்சிவிட்டு, "கல்யாணத்துல மட்டுமா தெளிக்காவ," என்றார். 

வீட்டுக்கு வந்ததும் தலைவலி. படுத்துவிட்டேன். கஸ்தூரி அக்கா சங்கரன்கோவிலிலிருந்து போன் செய்தாள்.

"சாப்டியா?"

"சாப்டேன்."

"மாப்ள போயி ஏழு மாசமாச்சு உலகு. கடையத்தான் அடைச்சாச்சு, துணிமணியையாவது யாருக்காவது குடுத்துரு. நான் வந்து எடுத்துத் தாரேன்."

மிக்சியில் தேங்காய் அரைபடுகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மார்ச் 9, சனி

இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

வெயில் உச்சியில் இருந்த நேரம். கூரைத் தகட்டில் இருக்கிற கண்ணாடி வழியாக வெளிச்சம் நேரே மெஷின் மேல் விழுந்தது. இரண்டாம் உருளைக்கும் மூன்றாம் உருளைக்கும் நடுவில் நின்று, நூலில் பிசிறு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ரீங்காரத்துக்குள்ளிருந்து, என் இடது தோளுக்குப் பக்கத்தில்:

"உலகு, கேஸ அமத்திட்டியா?"

என் வீட்டுக்காரருடைய குரல். வீட்டைப் பூட்டும்போது தினமும் கேட்கிற கேள்வி. அமத்திட்டேன் என்று நான் சொன்னாலும் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

திரும்பினேன். நூல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஷிப்ட் முடிந்ததும் பஸ்ஸுக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். சிலிண்டர் அடைத்துத்தான் இருந்தது.

மார்ச் 11, திங்கள்

நூலில் பிசிறு அதிகம் என்று டெஸ்டிங்கிலிருந்து சொன்னார்கள். சூட்டைப் பழைய அளவுக்கு இறக்கினேன். பிசிறு போயிற்று, பலமும் போயிற்று. பன்னீர் வாசமும் இல்லை. நாள் முழுக்க லைன் பக்கத்திலேயே நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

சூட்டை மறுபடி ஏற்றினேன். பிசிறுக்கு வேறு வழி இருக்கிறது. இழுப்பைக் கொஞ்சம் குறைத்து, சூட்டைக் கூட்டி, கடைசி உருளையில் நூலை ஒரு நூலளவு தளரவிட்டால் போதும். பலத்துக்காகத்தான் ஏற்றினேன். வரதராஜன் சாரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

பதினொரு மணிக்கு வாசம் வந்தது. பிறகு அவர் வந்தார். அதே கேள்விதான். "அமத்திட்டேன்" என்று வாய்க்குள் சொன்னேன்.

மார்ச் 14, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் நான் கேன்டீனுக்குப் போகவில்லை. பலவேசம் அண்ணாச்சியும் போகவில்லை. இரண்டு பேரும் மெஷினின் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். ரொம்ப நேரம் கழித்து அவர் என் பக்கம் வந்தார்.

"ஒங்களுக்கும் கேக்குதா மேடம்?"

என்ன என்று கேட்டேன்.

"மறைக்காதீய. நீங்க வாயசைச்சதப் பாத்தேன்."

அவரே சொன்னார். அவருடைய மகன் பேச்சிமுத்து பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். பைபாஸில் லாரி தட்டிவிட்டது. மூன்று வருஷம் ஆகிறது.

"'வண்டிய நெறுத்திட்டு வாரேன்பா'ங்கான். அம்புட்டுத்தான். தெனமும் அதேதான் சொல்லுதான். நெறுத்திட்டு வரவே மாட்டுக்கான்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "சூட்ட மட்டும் எறக்கிராதீய மேடம். திங்கக்கெழம எறக்குனியல்லா, அன்னைக்கி அவன் வரல."

"சரி அண்ணாச்சி," என்றேன்.

மார்ச் 15, வெள்ளி

இன்று இரண்டு தடவை.

மார்ச் 18, திங்கள்

ஜெயக்கொடி காலையில் வாந்தி எடுத்தாள். கழிவறையிலிருந்து வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆபீஸ்ல சொல்லிராதீங்க மேடம். நாள் தள்ளியிருக்கு. தெரிஞ்சா மிசின்லருந்து எடுத்துருவாவ. வீட்டுல இப்ப என் சம்பளம்தான் ஓடுது, அவருக்கு லோடு ஆட்டோ பழுதாகிக் கெடக்கு."

சொல்லமாட்டேன் என்றேன். எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு, "இதுலயும் பன்னீர்தான் மேடம் மணக்கு," என்று சிரித்தாள். பிறகு போய்க் கோன் மாற்ற ஆரம்பித்தாள்.

இந்த மாதிரி நேரத்தில் வாந்தி எல்லோருக்கும் வருவதுதான்.

மார்ச் 19, செவ்வாய்

கேட்ட பலம் வந்துவிட்டது. டெஸ்டிங் மெஷினின் இரண்டு பிடிகளும் நூலை இழுத்து இழுத்துப் பார்த்தன. அறுகிற சத்தம் துப்பாக்கி வெடித்த மாதிரி இருந்தது. வரதராஜன் சார் என் கையைக் குலுக்கினார்.

மத்தியானம் பராமரிப்புப் பிரிவிலிருந்து தவசி வந்தான். மூன்றாம் லைனின் எண்ணெய்த் தொட்டியில் மட்டம் இறங்கிக்கொண்டே வருகிறதாம்.

"எங்கயும் ஒழுகுதா மேடம்? கீழ சொட்டு விழுந்தத ஏதும் பாத்தீங்களா?"

"பாக்கலையே," என்றேன். உண்மைதான். நான் பார்க்கவில்லை.

அவன் டார்ச் அடித்து உருளைகளுக்கு அடியில் தேடினான். தரை காய்ந்து கிடந்தது. குழாய்களின் மேல் கட்டியிருக்கிற பஞ்சு உறையைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அதற்கு லைனை நிறுத்த வேண்டும் என்றான். ஆர்டர் முடியட்டும், அப்புறம் பார்ப்போம் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

அவன் இருந்த நேரம் முழுக்க பலவேசம் அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 20, புதன்

எழுந்ததிலிருந்து தலைவலி. சோறு இறங்கவில்லை. வேலைக்குப் போனால் சரியாகிவிடும்.

மார்ச் 21, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தரை மணிக்கே வாசம் வந்துவிட்டது. இது வரை வந்தது மாதிரி இல்லை. தொண்டையில் போய் ஒட்டியது. நூல்கள் வெயிலில் வெள்ளிக் கம்பிகளாக நின்றன. ஓடுகிறது என்றே சொல்ல முடியாது, அவ்வளவு வேகத்தில் நூல் அசையாமல் நிற்கிற மாதிரித்தான் தெரியும். நான் வழக்கமான இடத்தில் நின்றேன்.

"உலகு, கேஸ அமத்து."

கேள்வியாக இல்லை. இது வரை கேள்வியாகத்தான் இருந்தது.

"உலகு. கேஸ அமத்து."

கோபம் வந்தால் அவர் குரல் உயராது, தணியும். அப்படித் தணிந்திருந்தது. லைனை நிறுத்தச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் நகரவில்லை. இன்னும் ஒரு தடவை சொல்லட்டும் என்று நின்றேன்.

மூன்றாம் தடவை சொல்லவில்லை. மெஷினின் கடைசிப் பக்கத்தில் தடதடவென்று சத்தம் கேட்டது. கோன்கள் நிறைந்து வழிந்து நூல் கட்டுமீறிச் சுற்றிக்கொண்டிருந்தது. மாற்ற ஆள் இல்லை. ஜெயக்கொடி நிற்கிற இடம் காலியாக இருந்தது. பக்கவாட்டுக் கதவு திறந்து கிடந்தது.

ஓடினேன். நாலெட்டு வைப்பதற்குள் கால் பின்னியது. வெளியே, லாரிகள் திரும்புகிற முற்றத்தில், வெயிலில் குப்புறக் கிடந்தாள். உதடு நீலமாக இருந்தது. மூச்சு இருந்தது.

அவளை நிழலுக்கு இழுத்துப் போட்டுக் காவலாளியைக் கூப்பிட்டுவிட்டு உள்ளே திரும்பினேன். அவசர நிறுத்தப் பொத்தானின் முன்னால் பலவேசம் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"வேண்டாம் மேடம்."

"தள்ளுங்க அண்ணாச்சி."

"இன்னைக்கி இன்னும் அவன் வரல. வந்துரட்டும். வந்த ஒடனே நானே அமத்துதேன்."

"புள்ளத்தாச்சி பொண்ணு வெளிய விழுந்து கெடக்கா."

அவர் முகம் மாறியது. அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் விலகவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அவர் தோளுக்கு மேல் கையை நீட்டிப் பொத்தானை அடித்தேன்.

அத்தனை நூலும் ஒரே நேரத்தில் தளர்ந்து தொங்கியது. ரீங்காரம் இறங்கி இறங்கி, கடைசியில் ஒரு ஆள் மூச்சு விடுகிற மாதிரி வந்து நின்றது. அந்தக் கொட்டகை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பலவேசம் அண்ணாச்சி தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். குழந்தை மாதிரி வந்தார்.

சாயங்காலம் தவசி முகமூடி கட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பஞ்சு உறையைப் பிரித்தான். கூப்பிட்டுக் காட்டினான். குழாய் இணைப்பு ஒன்றில் விரிசல். கசிந்த எண்ணெயைப் பஞ்சு குடித்துக் குடித்துக் கறுத்துக் கிடந்தது. நடுவில் கங்கு மாதிரி ஒரு சிவப்பு, அப்போதும் கனிந்துகொண்டிருந்தது.

"இந்த எண்ணெய் ஆவியானா ரோஜாப்பூ மாதிரித்தான் மேடம் மணக்கும்," என்றான். "இத்தன நாளும் ஒருத்தருக்கும் வாசம் வரலையா?"

மார்ச் 23, சனி

ஜெயக்கொடி கண் விழித்துவிட்டாள். வயிற்றில் துடிப்பு இருக்கிறது, ஆனால் சில வாரம் கழித்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னார். என் ரத்தத்தையும் பலவேசம் அண்ணாச்சியின் ரத்தத்தையும் எடுத்தார்கள்.

"இந்த ஆவியில இருந்தா தலைவலி, வாந்தி, மயக்கம் எல்லாம் வரும்," என்றார் டாக்டர்.

"குரல் கேக்குமா?"

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படி நான் படிச்சதில்ல. உங்களுக்குக் கேட்டுச்சா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இல்லை, சும்மா கேட்டேன் என்றேன்.

மார்ச் 25, திங்கள்

விசாரணை. வாசம் எப்போதிலிருந்து வந்தது என்று வரதராஜன் சார் கேட்டார். ஏழாம் தேதியிலிருந்து என்றேன். தவசி கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றார். லைனை நிறுத்த மனசில்லை என்றேன்.

"ஆர்டருக்காகவா?"

தலையாட்டியிருந்தால் அவரே என்னைக் காப்பாற்றியிருப்பார். "இல்ல சார்," என்றேன். வேறு எதற்காக என்று கேட்டார்.

மூன்றாம் லைனிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் டெஸ்டிங்கில் உட்கார வேண்டும். சம்பள உயர்வு கிடையாது. இதைவிடக் கடுமையாக இருக்கும் என்று நினைத்தேன்.

மார்ச் 30, சனி

புது இணைப்புகள் போட்டு மூன்றாம் லைனை ஓட்டினார்கள். அதே சூடு, அதே இழுப்பு. முதல் கோனை டெஸ்டிங்குக்குப் பலவேசம் அண்ணாச்சியே கொண்டு வந்தார். பிடியில் மாட்டி இழுத்தேன். பலம் குறையவில்லை.

"எப்படி ஓடுது அண்ணாச்சி?"

"நல்லா ஓடுது." அறுந்த நூலைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். "காலம்பெறருந்து காத வச்சிக்கிட்டே நின்னேன் மேடம். மிசின் சத்தந்தான் கேக்கு." போகும்போது கதவருகில் நின்று, "ஒரு வகையில நல்லதுதான். அவன் வண்டிய நெறுத்திட்டான்னு வச்சுக்கிடுதேன்," என்றார்.

ஏப்ரல் 3, புதன்

கஸ்தூரி அக்கா வந்திருக்கிறாள். அலமாரியைத் திறந்தாள். நானே பையை எடுத்துக் கொடுத்தேன். சட்டைகளை மடித்து மடித்துப் பையில் வைத்தாள். ஒன்றை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னட்டி, பன்னீர் மாதிரி மணக்கு?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். எனக்குப் பீரோ வாசம்தான் வந்தது.

ஏப்ரல் 14, ஞாயிறு

ஜெயக்கொடியைப் பார்க்க மானூருக்குப் போனேன். உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்றுதான் போனேன். அவள் கணவன் வாசலில் லோடு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைத் தெரியாததால், "கம்பெனியிலருந்தா? வாங்க," என்று நாற்காலி எடுத்துப் போட்டான். ஜெயக்கொடி முகம் தெளிந்திருக்கிறது. ஸ்கேனில் பிள்ளை நன்றாக இருக்கிறதாம். இனி வேலைக்கு வரப்போவதில்லை என்றாள். பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் பக்கத்தில் தையல் மெஷின் போடப் போகிறாள்.

காப்பி கொண்டு வந்து கொடுத்தாள். அவன் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உங்களுக்குத் தெரிந்துதானே இருந்தது என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்ல வேண்டியதைத் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன்.

"மேடம், ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்கி வந்தாரே, அந்த சார் யாரு?"

"எந்த சார்?"

"நான் கோன் மாத்திக்கிட்டு இருந்தேன். தலை கிறுகிறுன்னு வந்துச்சு. அப்ப ஒருத்தரு பக்கத்துல வந்து, 'ஏம்மா, இங்க நிக்காத, வெளிய போ'ன்னாரு. ஹெட் ஆபீஸ்லருந்து வந்தவருன்னு நெனச்சேன். அதான் மிசின விட்டுட்டுப் போனேன். கதவத் தாண்டுனது வரைக்குந்தான் ஞாவகம் இருக்கு. உள்ளயே விழுந்துருந்தா பொழச்சிருக்க மாட்டன்னு டாக்டர் சொன்னாரு. அவருக்கு ஒரு நன்றி சொல்லணும்லா."

அன்றைக்கு லைனில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை. காவலாளியின் பதிவிலும் யாரும் வரவில்லை, விசாரணையிலேயே கேட்டார்கள்.

"ஆள் எப்படி இருந்தாரு?"

"குட்டையா, கொஞ்சம் தொந்தியா. காதுல பென்சில் சொருகியிருந்தாரு. கம்பெனிக்குள்ள யாரு பென்சில் வச்சிருக்கா? அதனாலதான் நெனப்புல இருக்கு. ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்குனாரு."

இரும்புக் கடையில் இருபது வருஷம் அந்தப் பென்சில் அவர் காதில்தான் இருந்தது. ஆகஸ்டில் ஆஸ்பத்திரியில் அதை எடுத்து வைத்தது நான்தான். ஜெயக்கொடி அவரைப் பார்த்ததில்லை. என் வீட்டுக்கு அவள் வந்ததும் இல்லை.

"வேற ஏதும் சொன்னாரா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

அவள் யோசித்தாள்.

"ஆமா. நான் மேடத்துட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன்னேன். ஒங்க பக்கம் திரும்பிப் பாத்தாரு. 'நீ போ. அவ நான் சொன்னாக் கேக்க மாட்டா'ன்னாரு."

முற்றத்தில் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஜெயக்கொடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, ஆறுவதற்குள் காப்பியைக் குடிக்கச் சொன்னாள்.

குடித்தேன்.